அடைக்கலம் காதலான கதை: ‘அரசி மார்கோ’ திரைப்படமும் 1572ஆம் ஆண்டின் பாரிஸும்

மதக் கலவரத்தின் நடுவே மலரும் காதலைச் சொல்லும் படங்களுக்கு ஒரு வசதி உண்டு. இருவர் ஒருவரையொருவர் விரும்பிவிட்டால், அவர்களைச் சுற்றி விழும் பிணங்களுக்குக் காரணம் தேடும் பொறுப்பு குறைந்துவிடும். பார்வையாளர் காதலர் பக்கம் போய் நின்றுகொள்வார். கொன்றவர்கள் பெயரில்லாத இருட்டாகிவிடுவார்கள். பத்ரீஸ் ஷெரோ இயக்கி 1994இல் வெளிவந்த ‘லா ரேன் மார்கோ’ (அரசி மார்கோ) இந்த வசதியைப் பாதி ஏற்றுக்கொண்ட படம்; பாதி மறுத்த படமும் அதுதான். அதனாலேயே முப்பது ஆண்டுகள் கழிந்தும் அதைத் திரும்பப் பார்க்கவும் அதனோடு வாதாடவும் வேண்டியிருக்கிறது.

படத்தின் கதைக்குப் பின்னால் இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று, 1572இல் பாரிஸில் நடந்த படுகொலையை நேரில் கண்ட மார்கரீத் தெ வலுவா, அதாவது படத்தின் மார்கோ, எழுதி, அவர் இறந்தபின் 1628இல் அச்சேறிய நினைவுக் குறிப்புகள். மற்றொன்று, அலெக்சாண்டர் டூமா ‘லா பிரெஸ்’ நாளிதழில் 1844 டிசம்பர் முதல் 1845 ஏப்ரல் வரை தொடர்கதையாக எழுதிய நாவல். நினைவுக் குறிப்பிலிருந்து நாவலுக்கும், நாவலிலிருந்து படத்துக்கும் ஒரே ஒரு காட்சி எப்படிப் பயணம் செய்தது என்பதைப் பின்தொடர்ந்தால், வன்முறையின் நடுவே மனிதரைக் காப்பாற்றுவது எது என்ற கேள்விக்குக் காலம்தோறும் மாறிய பதில்கள் தெரியவரும்.

சமாதானத்துக்காக ஒரு திருமணம்

பிரான்சில் கத்தோலிக்கருக்கும், ஹியூகெனோக்கள் எனப்பட்ட கால்வின் வழிப் புரொட்டஸ்டன்ட்டுகளுக்கும் இடையே 1562இல் போர் மூண்டது. அந்த மார்ச் மாதம் வாசி என்ற ஊரில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த புரொட்டஸ்டன்ட்டுகளைக் கீஸ் கோமகனின் ஆட்கள் வெட்டிச் சாய்த்தது அதன் தொடக்கம். எட்டு ஆண்டுகளுக்குள் மூன்று போர்கள் நடந்து முடிந்தன. 1570 ஆகஸ்டில் சான்-ஜெர்மேனில் கையெழுத்தான உடன்படிக்கை ஹியூகெனோக்களுக்கு வரம்புக்குட்பட்ட வழிபாட்டு உரிமையையும் சில பாதுகாப்பு நகரங்களையும் தந்தது. அந்தச் சமாதானத்தை உறுதிப்படுத்த ஒரு திருமணம் திட்டமிடப்பட்டது. மன்னர் ஒன்பதாம் சார்லஸின் தங்கை மார்கரீத், கத்தோலிக்கர், வயது 19. ஹியூகெனோக்களின் இளவரசரான நவாரின் ஹென்றிக்கு வயது 18.

ஹென்றியின் தாய், நவாரின் அரசி ழான் தல்பிரே, திருமணப் பேச்சுக்காகப் பாரிஸ் வந்திருந்தபோது 1572 ஜூனில் நோயுற்று இறந்தார். நஞ்சு பூசிய கையுறையை அனுப்பி மணப்பெண்ணின் தாய் கேத்தரின் தெ மெதிசிதான் கொன்றார் என்ற வதந்தி எழுந்தது. மாற்று மதத்தவரை, அதுவும் உறவினரை, மணப்பதற்குப் போப்பின் விதிவிலக்கு வேண்டும். அது வராமலேயே ஆகஸ்ட் 18 அன்று நோத்ருதாம் பேராலயத்தின் முன் எழுப்பிய மேடையில் திருமணம் நடந்தது. மணமகன் திருப்பலிக்கு உள்ளே போகவில்லை. அவருக்குப் பதிலாக மணமகளின் அண்ணன் ஆன்ஷு கோமகன் நின்றார். ஒருவர் வாசலோடு நிற்க மற்றவர் பீடத்தின் முன் மண்டியிட்ட அந்த மணச்சடங்கிலேயே பிளவு ஊரறியத் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, ஹியூகெனோக்களின் தலைவரான கடற்படைத் தளபதி கொலின்யி லூவர் அரண்மனையிலிருந்து வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். காயத்தோடு பிழைத்தார். நீதி கேட்டு ஹியூகெனோ பிரபுக்கள் குரலெழுப்ப, அரண்மனையை அச்சம் கவ்வியது. 23ஆம் தேதி இரவு, தலைவர்களைக் கொன்றுவிடுவதென்று மன்னரும் அவருடைய ஆலோசகர்களும் முடிவெடுத்தனர். புனித பர்த்தலமேயு திருநாளான 24ஆம் தேதி விடியுமுன் கொலின்யியைக் குத்தி, ஜன்னல் வழியே தெருவில் எறிந்தனர். லூவருக்கு எதிரிலுள்ள சான்-ஜெர்மேன்-லோக்செர்வா ஆலயத்தின் மணி அடித்தது. அதன்பின் கொலை தலைவர்களோடு நிற்கவில்லை. பாரிஸில் மட்டும் 2,000 முதல் 3,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. அக்டோபர் வரை ஓர்லியான், லியோன், ரூவான், பொர்தோ, துலூஸ் என்று பல நகரங்களுக்கு அது பரவியது. ரோமில் போப் பதின்மூன்றாம் கிரகோரி நன்றி வழிபாடு நடத்தி, நினைவுப் பதக்கமும் வார்த்தார்.

கதவைத் தட்டிய மனிதர்

அந்த இரவைப் பற்றி மார்கரீத் எழுதியிருக்கும் சில பக்கங்கள் அக்காலத்துச் சாட்சியங்களில் மிக அரியவை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதியவை என்பதை மறந்துவிடக் கூடாது. எனினும் அவற்றில் தன்னை வீராங்கனையாகக் காட்டும் முயற்சி இல்லை.

ஹியூகெனோக்கள் தன்னைக் கத்தோலிக்கப் பெண் என்று சந்தேகித்தார்கள், கத்தோலிக்கர் தன்னை நவார் அரசரின் மனைவி என்று சந்தேகித்தார்கள், அதனால் யாரும் தன்னிடம் எதையும் சொல்லவில்லை என்கிறார் அவர். 23ஆம் தேதி இரவு தாய் அவரைப் படுக்கப் போகச் சொல்கிறார். அக்கா கிளோத் கையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று அழுகிறாள். மகள் போகாவிட்டால் ஹியூகெனோக்களுக்குச் சந்தேகம் வரும் என்பது தாயின் கணக்கு. மகளைப் பலிகொடுக்கவும் துணிந்த அந்தக் கணக்கு புரியாமலேயே மார்கரீத் கணவரின் அறைக்குப் போகிறார். அங்கே முன்பின் அறியாத முப்பது நாற்பது ஹியூகெனோ பிரபுக்கள் கட்டிலைச் சுற்றி நின்று, கொலின்யிக்கு நேர்ந்ததைப் பற்றி இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

விடியலில் கணவர் வெளியே போகிறார். மார்கரீத் கண்ணயர்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். யாரோ நவார், நவார் என்று கத்திக்கொண்டு கதவைக் கையாலும் காலாலும் உதைக்கிறார். கணவர்தான் என்று நினைத்துச் செவிலி கதவைத் திறக்கிறாள். இரத்தம் ஒழுக ஓடிவரும் லெரான் என்ற பிரபு கட்டிலில் பாய்ந்து மார்கரீத்தை இறுகப் பற்றிக்கொள்கிறார். துரத்திவந்த நான்கு காவலர்களும் உள்ளே நுழைகிறார்கள். வந்தவர் தன்னைத் தாக்க வந்தாரா, காவலர்கள் குறிவைப்பது அவரையா தன்னையா என்று தெரியாமல் மார்கரீத் அலறுகிறார். காவல் படைத் தலைவர் நான்சே வந்து பார்த்து, அந்தக் கோலத்தைக் கண்டு சிரித்தே விடுகிறார். பிறகு காவலர்களை விரட்டிவிட்டு, லெரானின் உயிரை மார்கரீத்திடம் ஒப்படைக்கிறார். மார்கரீத் அவரைத் தன் உள்ளறையில் படுக்கவைத்து, காயம் ஆறும்வரை பராமரிக்கிறார். இரத்தத்தில் நனைந்த உடையை மாற்றிக்கொண்டு அக்காவின் அறைக்கு நடக்கையில், மூன்று அடி தூரத்தில் இன்னொரு பிரபுவை ஈட்டியால் குத்திச் சாய்க்கிறார்கள். மார்கரீத் மயங்கி விழுகிறார். பின்னர் கணவரின் பணியாளர்களான மியோசான், ஆர்மன்யாக் என்ற இருவருக்காக மன்னர் முன்னும் தாயின் முன்னும் மண்டியிட்டு அவர்கள் உயிரை மீட்கிறார்.

இங்கே காதல் என்பதே கிடையாது. வந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தன் உடலே இன்னொருவரின் கேடயமாகிவிட்டதைப் பயத்தோடு உணர்கிறார். உணர்ந்தபின் அந்தப் பொறுப்பைக் கைவிடவில்லை. முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்த அடைக்கலம் என்பதுதான் அந்தப் பக்கங்களின் பொருள்.

டூமா செய்த மாற்றம்

டூமா இந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு, லெரான் இருந்த இடத்தில் லா மோலை வைத்தார். கட்டிலில் வந்து விழுந்தவர் காதலரானார்.

வரலாற்றில் லா மோல் புரொட்டஸ்டன்ட் அல்லர். அவர் மன்னரின் கடைசித் தம்பி ஆலான்சோன் கோமகனின் அணுக்கர். நாளொன்றுக்குப் பல திருப்பலிகள் காண்பவர் என்று நாட்குறிப்பாளர் லெத்துவால் பதிவு செய்த அளவுக்குப் பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆலான்சோனையும் ஹென்றியையும் அரண்மனையிலிருந்து தப்பவைக்கும் சதியில் சேர்ந்ததற்காக, 1574 ஏப்ரல் 30 அன்று கொகொனாஸ் என்ற நண்பரோடு அவர் தலை வெட்டப்பட்டது. அவருடைய உடைமைகளில் ஊசி குத்திய மெழுகுப் பொம்மை ஒன்று அகப்பட்டது. மன்னரைக் கொல்ல வைத்த சூனியம் என்றது விசாரணை. ஒரு பெண்ணின் மனத்தைப் பெற வைத்த வசியம் என்றார் லா மோல். காதலின் பொருளும் ராஜத் துரோகத்தின் சான்றும் ஒன்றாகிவிட்ட காலம் அது.

மார்கரீத் அந்த வெட்டுண்ட தலையைப் பெற்றுப் பதனிட்டு வைத்தார் என்ற கதை பின்னர் வளர்ந்தது. 1830இல் ஸ்தாந்தால் தம் ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலில் மத்தில்த் தெ லா மோல் என்ற பாத்திரத்தை இக்கதையின்மேல்தான் கட்டினார். டூமா அதைத் தொடர்கதை வாசகர்களுக்கு இன்னும் விரித்துச் சொன்னார். லா மோலை ஹியூகெனோ ஆக்கியதால் கத்தோலிக்க இளவரசிக்கும் புரொட்டஸ்டன்ட் வீரருக்கும் இடையிலான காதல் நாட்டின் பிளவைத் தாண்டும் பாலமாக நின்றது. அடைக்கலம் கொடுப்பதற்கு இப்போது ஒரு காரணம் வந்துவிட்டது. இந்த மாற்றத்தில் இழந்தது என்ன என்று கேட்டாக வேண்டும். அறியாத மனிதரைக் காத்தவளைவிடக் காதலனைக் காத்தவள் எளிதில் புரிந்துகொள்ளக்கூடியவள். எளிதில் புரியும்போது, நம்மிடம் அவள் கேட்பதும் சிறியதாகிவிடுகிறது.

மார்கரீத்தைக் காமவெறி பிடித்தவராகச் சித்திரித்த 17ஆம் நூற்றாண்டின் அவதூறு நூலொன்றின் சாயலும் நாவல், நாடகம், படம் என்று தொடர்ந்து ஒட்டிக்கொண்டது. எலியான் வியனோ என்ற வரலாற்றாசிரியர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், மார்கரீத் என்ற எழுத்தாளரை, அரசியல் அறிந்த பெண்ணை, ‘மார்கோ’ என்ற கட்டுக்கதை எப்படி விழுங்கியது என்று விரிவாகக் காட்டினார். மறு ஆண்டே வெளிவந்த ஷெரோவின் படமோ, மணநாள் இரவில் முகமூடியோடு தெருவில் ஆண் தேடிப் போகும் மார்கோவையே காட்டியது. படத்தின் மிகப் பலவீனமான இடம் இது. அங்கே ஷெரோ ஒரு பழைய அவதூறைத் தெரிந்தோ தெரியாமலோ சுமந்து செல்கிறார்.

ஷெரோவின் உடல்கள்

ஆனால் ஷெரோ டூமாவை அப்படியே படமாக்கியவர் அல்லர். நாடகத்திலும் இசை நாடகத்திலும் பேர்பெற்ற இயக்குநர் அவர். இதே படுகொலையைப் பற்றிக் கிறிஸ்டோபர் மார்லோ எழுதிய ஆங்கில நாடகத்தை 1972இல் வில்லூர்பானில் மேடையேற்றியவர். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அவரோடு இருந்த பொருள் இது. தனியேல் தாம்சனோடு சேர்ந்து அவர் எழுதிய திரைக்கதையில் டூமாவின் சாகசம் சுருங்கி, உடல் முன்னே வருகிறது.

வழக்கமான வரலாற்றுப் படங்களின் விறைத்த கழுத்துப் பட்டையும் பளபளப்பும் இங்கே குறைவு. மொய்டெலெ பிக்கெல் வடிவமைத்த உடைகள் திறந்த கழுத்தும் கசங்கிய சட்டையுமாக இருக்கின்றன. பிலிப் ரூசெலோவின் கேமரா இருண்ட கூடங்களில் முகங்களோடு ஒட்டி நகர்கிறது. வியர்வை, முடி, காயம், எண்ணெய் பிசுபிசுப்பு எல்லாம் தெரிகின்றன. அரண்மனை விசாலமாகத் தெரிவதே இல்லை. எங்கும் நெரிசல், எங்கும் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள். அரசியல் என்பது ஒரு குடும்பத்தார் ஒருவர்மேல் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு வாழும் நிலையாகத் தெரிகிறது. திருமணக் காட்சியில், சம்மதமா என்ற கேள்விக்கு மௌனம் காக்கும் மார்கோவின் தலையைச் சார்லஸ் பின்னாலிருந்து அழுத்துகிறார், அது சம்மதமாகிறது. பிற்காலத்தார் சொன்ன இக்கதை மார்கரீத்தின் குறிப்பில் இல்லை. ஆனாலும் பெண்ணுடல் சமாதான ஒப்பந்தத்தின் முத்திரையாவது எப்படி என்பதை ஒரே அசைவில் அது சொல்லிவிடுகிறது.

படுகொலைக் காட்சிகளில் ஷெரோவின் அறம் தெளிவாகிறது. அவர் கொலையை அழகாக்கவில்லை. படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் மனிதர்கள் அரைத்தூக்கத்தில், அரை உடையில் சாகிறார்கள். பிறகு குவியலாகக் குழியில் தள்ளப்படும் நிர்வாண உடல்கள். அவற்றில் எது கத்தோலிக்க உடல், எது புரொட்டஸ்டன்ட் உடல் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த அடையாளத்துக்காகக் கொன்றார்களோ அந்த அடையாளம் உடலில் எங்குமே இல்லை என்பதை எந்த வசனமும் இவ்வளவு திடமாகச் சொல்லியிருக்காது.

இந்தக் காட்சிகளை 1994இன் பார்வையாளர் பழைய வரலாறாக மட்டும் பார்த்திருக்க முடியாது. படம் உருவான காலத்தில் சரயேவோ முற்றுகையில் இருந்தது. படத்துக்கு இசையமைத்த கோரான் பிரெகோவிச் அந்த நகரில் பிறந்தவர். படம் கானில் திரையிடப்பட்ட மே மாதத்தில் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்துகொண்டிருந்தது. பால்கன் நாட்டார் இசையின் சாயலும் கூட்டுக்குரலும் 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் மேல் படியும்போது, நானூறு ஆண்டு இடைவெளி மறைந்துபோகிறது. கான் விழாவில் படத்துக்கு நடுவர் பரிசும், கேத்தரினாக நடித்த விர்னா லிசிக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. மார்கோவாக நடித்த இசபெல் அஜானிக்கும், சார்லஸாக நடித்த ழான்-யூக் ஆங்லாதுக்கும் சேசார் விருதுகள் கிடைத்தன.

ஆங்லாதின் சார்லஸ் படத்தின் பெரும் சாதனை. ஹென்றிக்காக வைத்த நஞ்சேறிய புத்தகத்தை மன்னரே புரட்டிவிடுகிறார். மெல்ல மெல்ல அவர் உடலில் இரத்தம் வியர்வையாய்க் கசிகிறது. உண்மையில் சார்லஸ் 1574 மே 30 அன்று, 24 வயது நிறையாமல், காசநோயால் இறந்தார். புத்தகம் டூமாவின் கற்பனை. ஆனால் கொலைக்கு ஆணையிட்டவரின் உடம்பிலேயே அந்த இரத்தம் ஊறி வெளிவருவதாகக் காட்டும்போது, நாவலின் மர்மத்தை ஷெரோ தீர்ப்பாக மாற்றிவிடுகிறார்.

படம் போகாத தெரு

படம் எங்கே தவறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டூமாவைப் போலவே ஷெரோவும் குற்றத்தைப் பெரும்பாலும் அரண்மனைக்குள் வைக்கிறார். கறுப்பு உடையில், உலர்ந்த முகத்தோடு வரும் கேத்தரின் பழியின் மையமாகிறார். இத்தாலியப் பெண், நஞ்சூட்டுபவள் என்ற கறுப்புச் சித்திரம் அக்காலத்துப் பிரசுரங்களிலேயே பிறந்தது. தப்பிப் போன ஹியூகெனோ ஓவியர் பிரான்சுவா துபுவா வரைந்த ஓவியத்திலும், லூவர் வாசலில் பிணங்களைக் குனிந்து பார்க்கும் கறுப்பு உடைப் பெண் அவர்தான்.

ஆனால் சில பத்துப் பிரபுக்களைக் கொல்ல எடுத்த முடிவு ஆயிரக்கணக்கான தையற்காரர், புத்தக வியாபாரி, பொற்கொல்லர் குடும்பங்களின் சாவாக மாறியது எப்படி? அதற்கான விடை தெருவில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் பார்பரா டீஃபென்டார்ஃபின் ஆய்வு அத்தெருவை நமக்குக் காட்டுகிறது. புரொட்டஸ்டன்ட் வழிபாடு நடத்திய குற்றத்துக்காக காஸ்தின் என்ற வணிகக் குடும்பத்தாரை 1569இல் தூக்கிலிட்டு, வீட்டை இடித்து, அந்த இடத்தில் பெரிய சிலுவை ஒன்றை நாட்டினார்கள். சமாதான உடன்படிக்கைப்படி 1571 இறுதியில் அச்சிலுவையை அகற்றியபோது பாரிஸ் கலவரத்தில் இறங்கியது. பிரசங்கிகள் மேடையேறி, மதவிரோதிகளைப் பொறுத்துக்கொள்ளும் நகரத்தின்மேல் கடவுளின் கோபம் இறங்கும் என்றார்கள். படுகொலை தொடங்கிய வேளையில் கல்லறைத் தோட்டம் ஒன்றில் வாடிக் கிடந்த முட்செடி திடீரெனப் பூத்ததாம். அதைக் கடவுளின் ஒப்புதலாகக் கண்டு மக்கள் திரண்டார்கள்.

வரலாற்றாசிரியர் நதாலி ஸீமன் டேவிஸ் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வன்முறைக்குச் சடங்கின் ஒழுங்கு இருந்ததைக் காட்டியது. கூட்டம் தன்னைக் குருவாகவும் நீதிபதியாகவும் பாவித்துக்கொண்டது. ஆற்றில் எறிந்தது, எரித்தது, இழுத்துச் சென்றது எல்லாம் தீட்டுக் கழிக்கும் செயல்களாக அதற்குத் தோன்றின. கொன்றவர்கள் தங்களைக் கெட்டவர்களாக நினைக்கவில்லை; ஊரைச் சுத்தப்படுத்துவதாக நினைத்தார்கள். இதுவே 1572இன் மிகக் கொடிய பாடம். ஷெரோவின் படத்தில் தெருக் காட்சிகள் உண்டு. ஆனால் முகம் வாய்ப்பது அடுத்த தலைமுறைக் கீஸ் கோமகனுக்கும் கொகொனாஸுக்கும், அதாவது பிரபுக்களுக்கே. அண்டை வீட்டுக் கதவில் அடையாளம் வைத்த பாரிஸ்காரருக்கு முகம் இல்லை. அரண்மனைச் சதி என்று எண்ணிக்கொண்டால் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லியிருந்தால் அந்த நிம்மதி கிடைத்திருக்காது.

காதல் இல்லாத உடன்படிக்கை

இத்தனை குறைகளையும் தாண்டிப் படத்தில் ஓர் உறவு மார்கரீத்தின் நினைவுக் குறிப்புக்கு உண்மையாக நிற்கிறது. அது மார்கோவுக்கும் லா மோலுக்கும் இடையிலான காதலன்று. மார்கோவுக்கும் ஹென்றிக்கும் இடையிலான உடன்படிக்கை. தனியேல் ஓத்தெய் நடித்த ஹென்றி பயந்தவர், கிராமத்து வாடை வீசுபவர், அழகற்றவர். மணநாள் இரவில் அவர் மனைவியிடம் கேட்பது துணையை மட்டுமே, அன்பை எதிர்பார்க்கவில்லை. மார்கோ அவரை விரும்பவும் இல்லை. ஆனாலும் கொலைகாரர் சூழ்ந்த வீட்டில் அவரைக் கைவிடாமல் நிற்கிறார்.

நினைவுக் குறிப்பில் இதற்கு இணையான ஓர் இடம் உண்டு. படுகொலைக்குச் சில நாட்களுக்குப் பின் கேத்தரின் மகளிடம், கணவர் உன்னோடு கணவராக வாழ்ந்தாரா, இல்லையென்றால் இந்த மணத்தை ரத்து செய்துவிடலாம் என்கிறார். மார்கரீத்துக்கு இதன் பொருள் புரிகிறது. மணம் முறிந்தால் ஹென்றியின் உயிருக்கு இருக்கும் கடைசிக் காப்பும் போய்விடும். நீங்கள் சேர்த்த இடத்திலேயே இருந்துவிடுகிறேன் என்ற பொருள்பட அவர் பதிலளிக்கிறார். 1574இல் சதிக் குற்றச்சாட்டுக்கு ஹென்றி அளித்த எதிர்வாக்குமூலத்தையும் அவருக்காக எழுதியவர் மார்கரீத்தான். இந்த மணவாழ்வு மகிழ்ச்சியாக அமையவில்லை. இருவருக்கும் வேறு உறவுகள் இருந்தன, நீண்ட பிரிவுகள் இருந்தன. 1599இல் மார்கரீத்தின் சம்மதத்தோடு மணம் ரத்தானது. 1605இல் பாரிஸ் திரும்பிய மார்கரீத், ஹென்றியின் இரண்டாவது மனைவியோடும் பிள்ளைகளோடும் நட்புடன் வாழ்ந்து 1615இல் மறைந்தார்.

அந்த ஹென்றிதான் நான்காம் ஹென்றியாக முடிசூடி, 1598இல் நாந்த் அரசாணையைப் பிறப்பித்தார். அந்த ஆணை இரு மதத்தாரையும் நண்பர்களாக்கவில்லை. எங்கே வழிபடலாம், யாரிடம் நீதி கேட்கலாம், எந்தப் பதவி வகிக்கலாம் என்று வரையறுத்து, பழைய பகையைக் கிளறக் கூடாது என்று தடைபோட்டது. கத்தோலிக்கர் அதை வெறுத்தனர். ஹியூகெனோக்களுக்கும் முழு நிறைவில்லை. ஆயினும் எட்டுப் போர்களால் முடியாததை அது செய்தது. 1685இல் பதினான்காம் லூயி அதை நீக்கியபோது ஹியூகெனோக்கள் பெருந்திரளாக நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பொறுப்போடு காக்காத உடன்படிக்கை அரசர் ஒருவரின் கையெழுத்தில் அழிந்துபோகும் என்பதற்கும் அதே வரலாறு சான்று.

காதல் மதவெறியை வெல்லும் என்று நம்ப நமக்கு ஆசை. அதனால்தான் டூமாவின் மாற்றம் இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. ஷெரோவின் படத்திலும் அது தொடர்கிறது. ஆனால் காதல் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். தேர்ந்தெடுக்கப்படாத ஆயிரம் பேரை அது காக்காது. மார்கரீத் 1572இல் செய்தது வேறு. பெயர் தெரியாதவரை உள்ளறையில் கிடத்தினார், கணவரின் பணியாளர்களுக்காக மண்டியிட்டார், தான் விரும்பாத கணவரைக் காக்கத் தன் மணத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். கலவரக் காலத்தைப் பற்றிப் படமெடுப்பவர்களும் எழுதுபவர்களும் இந்த அறத்தையும் கதையாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவரையொருவர் விரும்பாதவர்களும் ஒருவரையொருவர் கொல்லாமல் ஒரே ஊரில் வாழ முடியும். அதற்கு வேண்டியவை சட்டமும், கொடுத்த சொல்லும், கதவைத் திறக்கும் துணிவும். இம்மூன்றையும் காப்பது அரண்மனையின் பொறுப்பு மட்டுமல்ல, அந்த ஊரில் வாழும் ஒவ்வொருவரின் பொறுப்பும்கூட.